கேடேயின் டாங்கோவும் செலோக்காரர்களின் வில்லும்

கேள்வி: எங்கள் சிறிய ஸ்ட்ரிங் குழு, ஆண்டு நிகழ்ச்சிக்காக டென்மார்க்கின் யாகொப் கேடே எழுதிய ‘ஜலூசி’ என்ற டாங்கோ நடன இசையைப் பழகுகிறது. தொடக்கத்தில் வயலின் தனியாக வாசித்து முடிக்கும் இடத்தில் மற்றவர்கள் சேர முடியாமல் தடுமாறுகிறோம். அப்புறம் வரும் டாங்கோ, பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி கேட்கிறது. டிரம் சேர்த்தால் சரியாகுமா? இந்தியாவில்தான் இருக்கிறோம்; உரிமை வாங்க வேண்டுமா?

பதில்: டிரம் சேர்த்தால் அணிவகுப்பு இன்னும் பலமாகத்தான் கேட்கும். வேண்டாம்.

கேடே வயலின்காரர். கோபன்ஹேகனில் பாலட்ஸ் திரையரங்கின் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர். 1925 செப்டம்பரில் ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் மௌனப்படம் ஒன்று அங்கே வெளியானபோது, அதனுடன் வாசிக்கப்பட்டது இந்த டாங்கோ. ஜிப்சி டாங்கோ என்று அவரே துணைத்தலைப்பு வைத்திருக்கிறார். தொடக்கத் தனி வாசிப்பும் ஜிப்சி வயலின் பாணிதான். ஆலாபனை போல இழுத்தும் விரைந்தும் போகும். அங்கே கண்டக்டர் தாளம் காட்டவே கூடாது. அதன் கடைசி ஏழெட்டு ஸ்வரங்களை எல்லோருடைய நோட்டுத்தாளிலும் பென்சிலால் குறித்துவையுங்கள். அதைக் கேட்டதும் வில்லைத் தந்தி மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். கண்டக்டரின் ஒரே ஒரு சைகையில் டாங்கோ தொடங்கட்டும்.

இனி அந்த அணிவகுப்பு. உங்கள் செலோவும் டபுள் பேஸும் நான்கு தட்டையும் ஒரே நீளத்தில், ஒரே கனத்தில் வாசிக்கின்றன என்றே நினைக்கிறேன். கைப்பிடிக்கு அருகே, வில்லின் கீழ்ப்பாதியில் வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்வரம் குட்டையாக விழ வேண்டும், வில் உடனே மேலே எழ வேண்டும். முதல் தட்டில் மட்டும் கனம். ஒரு ஒத்திகையில் மெலடியே இல்லாமல் துணை வாசிப்பை மட்டும் நடத்திப் பாருங்கள். அதுவே ஆட வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மெலடிக்காரர்கள் இதற்கு நேர் எதிர்: வில்லை நீளமாக இழுத்து, ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலைச் சறுக்கும் வழுக்கல் வேண்டும்தான், ஆனால் ஒரு வரிக்கு ஒன்று போதும். பிரகாசமாக ஒலிக்கும் மேஜர் பகுதி வந்ததும் எல்லோருக்கும் உற்சாகத்தில் வேகம் கூடிவிடும், பிடித்துவையுங்கள். அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் பியாசோலாவை வாசிக்கிற மாதிரி கரடுமுரடாக்க வேண்டாம். இது வரவேற்பறைகளில் வாசிக்கும் ஐரோப்பிய மெல்லிசை, கொஞ்சம் சர்க்கரை தூக்கலாகவே இருக்கும். மாதிரிக்கு அமெரிக்கக் கண்டக்டர் ஆர்தர் ஃபீட்லர் பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவை வைத்து 1935-ல் செய்த பதிவைக் கேளுங்கள். கேடேவின் டாங்கோ உலகமெங்கும் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உரிமைக்கு வருவோம். கேடே இறந்தது 1963-ல். இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை. அது 2023 இறுதியோடு முடிந்துவிட்டது. மேடையில் வாசிக்கத் தடையில்லை. ஆனால் நீங்கள் வைத்திருப்பது பிற்காலத்தில் ஒருவர் ஸ்ட்ரிங்குக்காக மாற்றி எழுதிய நோட்டாக இருந்தால், அந்த மாற்றத்துக்குத் தனி உரிமை இருக்கும். அட்டையில் யார் பெயர், எந்த ஆண்டு என்று பாருங்கள். ஐரோப்பாவில் காலக்கெடு 70 ஆண்டு என்பதால், யூடியூபில் ஏற்றினால் அங்கே 2033 முடியும் வரை உரிமைக் கோரிக்கை வரலாம்.