பவுடர் இல்லாமல் புரதம்: தட்டில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 60 கிலோ. ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் சற்றுக் கூடியிருந்தது. ‘கொழுப்பைக் குறையுங்கள், புரதத்தைக் கூட்டுங்கள்’ என்றார் மருத்துவர். காலையில் வெண்ணெய் தடவிய பிரெட் மூன்று துண்டு, காபி. மதியம் சோறு, காய், ஒரு கரண்டி பருப்பு. மாலையில் புரதத்துக்காகவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு மறுபடி சோறும் காயும், மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு முட்டை. கோழி வாரம் ஒருநாள். என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 70 வயது, 52 கிலோ. அவர் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். பவுடர் வாங்க எங்களுக்கு விருப்பமில்லை. அன்றாடம் சமைப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் பயப்படும் அளவுக்கு உங்கள் சாப்பாடு மோசமும் இல்லை. எழுதி அனுப்பியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் சுமார் 10 கிராம் புரதம், மதியம் 14, கடலையில் 7, இரவில் 11. மொத்தம் 42 கிராம். உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது அடிப்படை அளவு. அப்படியானால் உங்களுக்கு 48 வேண்டும். பற்றாக்குறை ஆறு கிராம்தான். ஆனால் 0.8 என்பது குறைபாடு வராமல் காக்கும் அளவு. நாற்பது வயதைத் தாண்டியவர் கிலோவுக்கு ஒரு கிராம், அதாவது 60 கிராம் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 42 கிராமில் பாதி, சோற்றிலிருந்தும் பிரெட்டிலிருந்தும் வருகிறது. புரதத்தை ஆக்கும் சிறு கூறுகளான அமினோ அமிலங்களில் உடலுக்குக் கட்டாயம் வேண்டிய ஒன்று லைசின்; தானியப் புரதத்தில் அது குறைவு. பருப்பு, பயறு, பால், முட்டை, மீன், கறி எல்லாவற்றிலும் அது தாராளமாக இருக்கிறது. ஆகவே உங்கள் தட்டில் மாற வேண்டியது விகிதம். சோறு ஒரு கிண்ணம் குறைந்து, அந்த இடத்தில் பருப்பு ஏற வேண்டும்.

எண்ணிக்கையாகவே சொல்கிறேன். வெந்த சோறு ஒரு கிண்ணம், 150 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 200 கலோரி, 4 கிராம் புரதம். வெந்த பருப்பு ஒரு கிண்ணம், 200 கிராம். அதில் 230 கலோரி, 18 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. கலோரி ஏறத்தாழ ஒன்றே, புரதம் நான்கு மடங்குக்கு மேல். இரண்டு கிண்ணச் சோறும் ஒரு கரண்டிப் பருப்பும் என்றிருப்பதை ஒரு கிண்ணச் சோறு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு என்று மாற்றினால் மதியம் மட்டும் பத்து கிராம் கூடிவிடும். கெட்டி என்பதைக் கவனியுங்கள். தண்ணீரை ஊற்றி நீட்டினால் கிண்ணம் நிறையும், புரதம் கூடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பருப்பில் நூறு கிராமுக்கு 24, 25 கிராம் புரதம் என்று படித்திருப்பீர்கள். அது வேகாத பருப்பின் கணக்கு. வெந்தால் தண்ணீர் குடித்து இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும்; நூறு கிராமில் 9 கிராம்தான் மிஞ்சும். கறியில் கதை தலைகீழ். பச்சைக் கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் 22, 23 கிராம் புரதம். வெந்தபின் நீர் வற்றிச் சுருங்குவதால் நூறு கிராமுக்கு 31. எந்த எண்ணைப் படித்தாலும் அது பச்சையா வெந்ததா என்று முதலில் பாருங்கள். முளைகட்டிய பயறும் இப்படித்தான். முளைவிட்டால் புரதம் பெருகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். நன்றாக நீண்டு முளைத்த பாசிப்பயறு நூறு கிராமில் 3 கிராம்தான் இருக்கிறது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வேறு நன்மைகளுக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி வேர்க்கடலை. நல்ல உணவுதான், ஆனால் நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை அதற்குரியதல்ல. 30 கிராம் கடலையில் புரதம் 7 முதல் 8 கிராம், கொழுப்பு 15 கிராம், கலோரி 170. வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராம் எடுத்தாலும் கலோரி கிட்டத்தட்ட அதேதான், புரதமும் 9 கிராம்தான். பெரிய லாபமில்லையே என்று தோன்றலாம். கொழுப்பைப் பாருங்கள்: 15-க்குப் பதில் இரண்டரை. நார்ச்சத்து மூன்று மடங்கு. கிண்ணம் நிறைய மென்று தின்ன வேண்டியிருப்பதால் பசியும் அடங்கும். கடலையின் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குக் கேடில்லாத வகை என்பதால் அதை ஒதுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து கிராமைச் சுவைக்காகச் சேர்த்துக்கொண்டு, புரதத்துக்குக் கொண்டைக்கடலையை நம்புங்கள். பாதாம், முந்திரிக்கும் இதே நியாயம்.

காலைச் சாப்பாடுதான் உங்களிடம் மிகவும் பலவீனமானது, அதனால் மாற்றத்தை அங்கே தொடங்குங்கள். வெண்ணெயை விட்டு, பிரெட்டை இரண்டு துண்டாக்கி, இரவு முட்டையைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் சேர்ந்தால் 13 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. மஞ்சள் கருவை முற்றிலும் எறிவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் இருக்கிறது, வைட்டமின்களில் பெரும்பாலானவையும் அங்கேதான். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது வெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முழு முட்டை தொந்தரவு தருவதில்லை. உங்கள் அளவு ஏற்கெனவே கூடியிருப்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாக மட்டும் குடிக்காதீர்கள். வேகாத முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது, வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு.

காலையும் மதியமும் இப்படி மாறினாலே நீங்கள் 60 கிராமைத் தொட்டுவிடுவீர்கள். கோழி, மீன் சமைக்கும் நாட்களில் அதற்கு மேலும் போகும். கோழியில் தோலை நீக்கிவிட்டு நெஞ்சுக்கறியை எடுங்கள். வெந்த நூறு கிராமில் கொழுப்பு நான்கு கிராமுக்குள் அடங்கும். காய்ந்த சக்கை மாதிரி ஆகிவிடுகிறது என்று பலரும் அதை வெறுக்கிறார்கள். அதற்குக் காரணம் அளவு மீறி வேகவைப்பதுதான். தயிரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் சமைத்து, உள்ளே இளஞ்சிவப்பு மறைந்து வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்குங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, இழைக்குக் குறுக்காக வெட்டினால் மென்மையாக இருக்கும். வெள்ளைச் சதை மீன்களில் கொழுப்பு இதைவிடக் குறைவு. கொழுப்புள்ள மீன்களைக் கண்டும் விலக வேண்டாம், அவற்றில் இருப்பது ஒமேகா-3 என்ற நல்ல வகைக் கொழுப்பு. மீனோ கோழியோ, எண்ணெயில் பொரித்தால் கொழுப்பு மறுபடி உள்ளே வந்துவிடும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

அம்மாவின் விஷயத்தில் எனக்குக் கூடுதல் அக்கறை. வயது ஏறும்போது தசை, புரதத்துக்கு முன்போல இணங்குவதில்லை. அதனால் 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். அவருக்கு 52 முதல் 62 கிராம். அதை ஒரே வேளையில் திணிக்காமல் வேளைக்கு இருபது கிராம் என்று பிரித்துக் கொடுங்கள். தொடங்குவதற்கு முன் அவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வதுண்டு, அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முட்டை இல்லாத காலைக்கு வடிகட்டிய தயிர் மிகவும் கைகொடுக்கும். கொழுப்பு நீக்கிய பாலில் உறைந்த தயிரைச் சுத்தமான துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கு மணி நேரம் வடியவிடுங்கள். பாதியாகச் சுருங்கும், நூறு கிராமில் மூன்றரையாக இருந்த புரதம் ஏழை நெருங்கும். வடிந்த தெளிவில் கொஞ்சம் புரதம் போயிருக்கும், அதைச் சூப்பில் ஊற்றிவிடுங்கள். இந்தத் தயிர் 150 கிராம், பிரெட் இரண்டு துண்டு, ஒரு டம்ளர் பால் என்றால் 20 கிராம் தாண்டிவிடும். மதியம் உங்களுக்குச் சொன்ன அதே கெட்டிப் பருப்பு. இரவுக்கு வேகவைத்த சோயா பீன்ஸ் ஒரு கைப்பிடி மசித்தோ, டோஃபு என்ற சோயாப் பால் கட்டியோ கொடுங்கள். பல் பலவீனமாக இருந்தால் எல்லாவற்றையும் மசித்தே கொடுக்கலாம், புரதம் குறையாது. கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வேலை கொடுக்காத தசைக்குப் புரதம் மட்டும் போட்டுப் பயனில்லை. தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்தாக வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம், ஒரே நாளில் இரண்டும் வந்தால் போதும்.

பயறு வகைகளைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். முதல் வாரம் அரைக் கிண்ணத்தில் நில்லுங்கள், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கும் தண்ணீரைக் கூட்டுங்கள். சிவப்பு ராஜ்மா வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தளதளவென்று அரை மணி நேரம் கொதித்தபின் மெத்தென்று வேகும்வரை சமையுங்கள். கொதிநிலைக்கு வராத மெதுகுக்கரில் (ஸ்லோ குக்கர்) அதை வேகவைக்கவே கூடாது.

தினமும் ஊறவைத்து வேகவைக்க யாருக்கும் நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ கொண்டைக்கடலையை ஒரே தடவையில் வேகவைத்து ஆறவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிடுங்கள். மூன்று நாளுக்கானது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், மீதி ஃப்ரீசருக்குப் போகட்டும். புதன்கிழமை இரவு ஒரு டப்பாவைக் கீழே இறக்கி வைத்தால் மறுநாள் மாலைக்குத் தயாராக இருக்கும்.