முழங்கை வலிக்கு மட்டையை மாற்ற வேண்டாம், ஸ்டிரிங்கை மாற்றுங்கள்

ஈரோட்டில் ஜவுளிக் கடை நடத்தும் 44 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் காலையில் நண்பர்களோடு டென்னிஸ் டபுள்ஸ் ஆடுகிறார். இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. "பேக்ஹேண்ட் அடிச்சா சுண்டி இழுக்குதுங்க. காலைல பால் சொம்பைத் தூக்கக்கூட முடியறதில்லீங்க" என்கிறார். விளையாட்டுச் சாமான் கடையில் டாம்ப்பனர் (மட்டையின் ஸ்டிரிங்கில் செருகும் சின்ன ரப்பர்), முழங்கைப் பட்டை, ஜெல் கிரிப், புது மட்டை என நான்கையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எதை வாங்குவது, ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

நீங்கள் சொல்வது டென்னிஸ் எல்போவோடு அப்படியே பொருந்துகிறது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் 'சுள்'ளென்று பிடித்தால் பெரும்பாலும் அதுதான். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் அந்த எலும்பு முனையில்தான் வந்து சேர்கின்றன. சேருமிடத்துத் தசைநாண், தாங்க முடிந்ததைவிட அதிகமாக, ஆறுவதற்கு நேரமில்லாமல் வேலை செய்து நைந்துபோகிறது. 35 வயதிலிருந்து 55 வரை இது அதிகம். பெயர் டென்னிஸ் என்றாலும், என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் மட்டையைத் தொட்டதே இல்லை. சோமனூர் விசைத்தறிக்காரர்கள், திருப்பூர் கட்டிங் மாஸ்டர்கள், தேங்காய் துருவித் துருவிக் கை போன அம்மாக்கள்.

சரி, சாமான்களுக்கு வருவோம். முதலில் மட்டையில் என்ன ஸ்டிரிங் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். இளவட்டங்கள் கட்டுகிறார்கள் என்று பாலியஸ்டர் கட்டியிருந்தால் இன்றே அறுத்து எறியுங்கள். அது விறைப்பானது. சில வாரங்களில் துள்ளலும் போய்விடும். அறுந்தால்தான் மாற்றுவது என்று நம் ஆட்கள் ஆறு மாதம் அதிலேயே ஆடுவார்கள், அவ்வளவு அதிர்ச்சியையும் முழங்கை வாங்கிக்கொள்ளும். மல்டிஃபிலமென்ட் என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிய நைலான் இழைகள் பல சேர்ந்தது. ஸ்டிரிங்கின் இறுக்கத்தை (டென்ஷன்) இப்போதையதைவிட ஐந்து பவுண்டு குறைத்து, 48, 50 அளவில் கட்டச் சொல்லுங்கள். செலவழிக்கும் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

அடுத்தது கிரிப். அளவு சரியில்லாததால்தான் வலி என்று புது மட்டையை விற்கப் பார்ப்பார்கள். பிடியின் சுற்றளவு கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் முன்கைத் தசையின் உழைப்பு பெரிதாக மாறுவதில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஈரோட்டு வெயிலில் பத்தே நிமிடத்தில் பிடி வியர்வையில் வழுக்கும், வழுக்கினால் கை தானாக இறுகும். அதனால் பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டையான ஓவர்கிரிப்பை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், மணிக்கட்டில் துணிப் பட்டை போடுங்கள். ஜெல் கிரிப் அவசியமில்லை.

முழங்கைப் பட்டையை வாங்கலாம், ஆனால் போடும் இடம் தெரிய வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள். முஷ்டியை மடக்கி மணிக்கட்டை நிமிர்த்துங்கள். எலும்பு முனைக்கு இரண்டு விரல் கீழே தசை புடைத்து எழும். பட்டையின் மெத்தை அங்கே உட்கார வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இறுக்கம். கட்டிக்கொண்டு எதையாவது அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வலி குறைந்தால் ஆடும்போது மட்டும் போடுங்கள், குறையாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாம்ப்பனர் ஸ்டிரிங்கின் சத்தத்தைத்தான் குறைக்கும், கைக்கு வரும் அதிர்வை அல்ல.

ஆட்டம் ஒரு மணி நேரம், கடை பத்து மணி நேரம். துணி பண்டலை உள்ளங்கை கவிழ்ந்தபடி இழுத்து எடுப்பதும் அதே தசைக்குத்தான் வேலை. இனி உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டி எடுங்கள். ஷட்டரைக் கடைப் பையனிடம் விட்டுவிடுங்கள்.

உண்மையான மருந்து பயிற்சிதான். மேசையில் முன்கையை வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடியுங்கள். இடது கையால் வலது கையை மேலே தூக்கிவிட்டு, வலது கையை மட்டும் ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, தினமும். 10க்கு 3, 4 என்ற அளவில் வலி இருக்கலாம், பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். எளிதானதும் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஊசி போட்டவர்கள்தான் ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி பிறகு திரும்பியது. சச்சினுக்கே 2004-ல் வந்த இந்த வலி, மறு ஆண்டு அறுவை சிகிச்சை வரை போனது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது.

விரல்களில் மரப்பு, கழுத்திலிருந்து இறங்கும் வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மூட்டு வீக்கம், முழங்கை மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். மூன்று வாரம் பேக்ஹேண்டையும் வேகமான சர்வீஸையும் விட்டுவிட்டு, சர்வீஸ் கோட்டுக்குள் நின்று மெதுவாக அடியுங்கள். திரும்ப ஆரம்பிக்கும்போது பேக்ஹேண்டை இரண்டு கையால் அடிக்கப் பழகுங்கள், பந்து உடம்புக்கு முன்னால் இருக்கும்போதே அடியுங்கள். அப்புறம், பயிற்சிக் கூடையில் மாதக்கணக்காகக் கிடக்கும் பனியில் நனைந்து ஊறிக் கனத்துப்போன பந்துகளை நாளைக்கே எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.