பல வருஷம் நூலகராக இருந்துவிட்டு இப்போது இணையக் கருவிகளைக் கற்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

கேட்டிருப்பவர் ஒரு பள்ளி நூலகர். ரிஜிஸ்டரும் கார்டும்தான் பழக்கம், கோஹா என்ற நூலக மென்பொருள், டிஜிட்டல் நூலகம், ஏஐ என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதை முதலில் பிடிப்பது என்கிறார்.

தமிழ்த் தட்டச்சு. அதுவும் யூனிகோடில், அதாவது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் எழுத்துக் குறிமுறையில். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். எங்களிடம் கம்ப்யூட்டர் வந்து ரொம்ப காலமாயிற்று. யாரோ ஒருவர் மென்பொருள் போட்டுக் கொடுத்தார், புத்தகப் பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் ஏறின. அந்தக் கம்ப்யூட்டர் படுத்த பிறகு கோப்பை வேறொன்றில் திறந்தால், பாரதியார் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவேயில்லை. பழைய எழுத்துருக்களின் சங்கதி இதுதான்: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். நல்லவேளையாக, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசும் 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. இனிமேல் யாராவது பாமினியில் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விசைப்பலகைக்கு என் ஓட்டு தமிழ் 99-க்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது, இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்தெல்லாம் இடது கை, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கை. 'அம்மா' என்று அடிக்க 'ம'வை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். போனில் குரலால் தட்டச்சு செய்வதும் நன்றாகவே வருகிறது, ஆனால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஏற்ற அதை நம்ப வேண்டாம். றகரமும் ரகரமும் அதன் இஷ்டத்துக்கு வரும்.

தட்டச்சுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்றால், ஸ்ரீவைகுண்டம் தலபுராணம் ஒன்று எங்கள் பட்டியலில் கண்ணுக்கு முன்னால் இருந்தது, தேடினால் வரவில்லை. எங்கள் உதவியாளர் அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "மேடம், புஸ்தகம் எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தச் சவத்துக்குத் தெரியல. என்னத்துக்கு அதுகிட்ட போய்க் கேக்கிய?" என்றார். (அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் லீவு போடுகிற நாளில்தான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது.) விஷயம் என்னவென்றால், ஸ்ரீ-யை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். 'ஸ' வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்து இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்கோ வேறு வேறு சொல். இதே மாதிரி, 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போடுவது, 'கௌரி'யின் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் 'ள'வையும் தனித்தனியாகப் போடுவது. தேடல் தவறும்போது மென்பொருளைத் திட்டுமுன் இவற்றைப் பாருங்கள். நிரல் எழுதுகிறவர் கண்ணில் இது படாது. மெய்ப்புப் பார்த்துப் பழகிய நம் கண்ணில்தான் படும்.

இனி கோஹா. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஊர்ப்பக்கத்து நூலகங்களுக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்ற பயத்தில் பிறந்தது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. நிறுவுவது லினக்ஸில் என்பதால் அதற்கு மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளைப் பிடியுங்கள். தேடல் அட்டவணைக்கு, பல மொழி எழுத்துகளையும் கையாளத் தெரிந்த ஐ.சி.யு. முறையைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழில் தேடும்போது படுத்தும். பழகுவதற்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் கோஹா பாடங்கள் இருக்கின்றன. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓட, மறு பாதியில் நாமே செய்து பார்க்கும் முறை. கொரோனா காலத்தில் வெபினார் வெபினாராக உட்கார்ந்து இ-சான்றிதழ் சேர்த்தோமே, அதற்கெல்லாம் சேர்த்து இது ஒன்று போதும்.

மார்க் 21 என்றதும் மிரள வேண்டாம், புத்தக விவரம் ஒவ்வொன்றையும் ஓர் எண்ணின் கீழ் பதிகிற முறை அது. கார்டு எழுதிய கைக்கு அது பழைய வேலைதான். ஆசிரியர் 100, தலைப்பு 245, ஐ.எஸ்.பி.என். 020, பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண் 082. தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று புத்தக முதுகில் சீட்டு ஒட்டினோமே, அந்த எண் 082-க்குள் போகிறது, அவ்வளவுதான். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் ஐ.எஸ்.பி.என். அடித்து அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பதிவையே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்துக்கு அங்கே பதிவு கிடைத்தாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக இருக்கும். எந்தப் பிள்ளையும் அப்படித் தேடாது. ஆகத் தமிழுக்கு நாமே உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அத்தாரிட்டி ஃபைல், ஒருவருடைய பல பெயர்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பட்டியல். நெல்லைச் சீமை எழுத்தாளர்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். கதை எழுதினால் வண்ணதாசன், கவிதை எழுதினால் கல்யாண்ஜி. புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம். ரகுநாதன் என்றும் சிதம்பர ரகுநாதன் என்றும் தொ.மு.சி. என்றும் அட்டைக்கு அட்டை ஒருவரே மாறி நிற்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலுக்குப் புள்ளியா இடைவெளியா என்பதும் ஆளுக்கு ஒரு மாதிரி. கோஹாவில் ஒரு பெயரைத் தலைப்பெயராக வைத்து மற்றதையெல்லாம் அதோடு கட்டிவிடலாம். கல்யாண்ஜி என்று தேடுகிற பிள்ளைக்கு வண்ணதாசன் கதைகளுக்கும் வழி காட்டும். இருவரும் ஒருவரே என்பது தெரிந்த ஆள் உட்கார்ந்து செய்தால்தான் இது நடக்கும். தொழில்நுட்பம் தெரியாது என்று நீங்கள் தயங்குகிறீர்கள், இதற்கு வேண்டியது உங்கள் பல வருஷத்து ஞாபகம்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் அதனிடம் கேட்டு வாங்கிய புத்தகப் பட்டியலோடு வருகிறார்கள். ஆசிரியர் நிஜம், பதிப்பகம் நிஜம், அந்தப் புத்தகம் மட்டும் உலகத்திலேயே கிடையாது. "நெட்ல இருக்கு மேடம், நம்ம லைப்ரரிலதான் இல்ல" என்று நம் மேல் பழி வேறு. வாதாடுவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து, பக்கத்தில் உட்கார வைத்துத் தேடச் சொல்வேன். பழைய நூல்கள் முழுசாகவே அங்கே கிடைக்கின்றன. ஆய்வு மாணவராக இருந்தால், பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்கா தளம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் அதில் உண்டு. இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டாலே உங்கள் மேஜைக்கு ஆள் வரும்.

காப்புப் பிரதி விஷயத்தில் சோம்பல் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமே தண்ணீருக்குள் நின்றது. ஆற்றோரத்து நூலகம் ஒன்றில், வந்த புத்தகங்களையெல்லாம் பதிகிற அக்சஷன் ரிஜிஸ்டர் ஊறி, மை கரைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். புத்தகமும் போயிற்று, என்ன புத்தகம் போயிற்று என்ற கணக்கும் போயிற்று. கோஹா தினமும் தானே பிரதி எடுத்துவைக்கும், ஆனால் அதே கம்ப்யூட்டருக்குள்தான் வைக்கும். அதை வாரம் ஒரு தடவையாவது இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள், இன்னொன்று பென் டிரைவில் வேறு கட்டிடத்துக்குப் போகட்டும்.

கடைசியாக, முதல் அலமாரியிலிருந்து வரிசையாக ஏற்றத் தொடங்காதீர்கள், ஆள் தொடாத புத்தகங்களிலேயே வருஷம் ஓடிவிடும். வாசகர் திருப்பிக் கொடுக்கிற புத்தகத்தை, தட்டுக்குப் போகுமுன் கவுண்டரிலேயே ஏற்றி பார்கோடு ஒட்டிவிடுங்கள். அதிகம் புழங்குவது தானாகவே முதலில் ஏறிவிடும். ஸ்டிக்கரின் மேல் செலோ டேப் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு மஞ்சளாகி, ஸ்கேனர் படிக்காது.