மூக்கிலிருந்து ஒரு சாண்: தொழிலிட நலம் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டைல் பட்டறை நடத்துகிறோம். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். மணல், சிமென்ட், கலர்ப்பொடி என்று எங்கும் தூசிதான். எங்கள் வேலையில் நிஜமாகவே ஆபத்தானது எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், ஆத்தங்குடி)

பட்டறையை மொத்தமாகப் பார்த்தால் விடை கிடைக்காது. ஒரு டைல் கல் உருவாகி முடியும்வரை உடனிருந்து பாருங்கள். கண்ணாடி மேல் சட்டம் வைப்பது, கலர் ஊற்றுவது, உலர்ந்த சிமென்ட்–மணல் தூவுவது, ஈரக்கலவை நிரப்பி மட்டம் தட்டுவது, தொட்டியில் ஊறப்போடுவது, காயவைப்பது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதை யார் செய்கிறார், நாளில் எத்தனை நிமிடம், அப்போது கையும் மூக்கும் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். ஒரே வேலையை ஒரே மாதிரி செய்பவர்களை ஒரு குழுவாக்குங்கள். மதிப்பீட்டுக்கு அந்தத் தாள்தான் அடித்தளம்.

மணல் என்றதும் சிலிக்கோசிஸ் (மணலிலுள்ள சிலிகா தூசியாகி நுரையீரலில் படிவதால் வரும் நோய்) பயம் வருவது இயல்பு. ஆனால் நுரையீரலின் அடிவரை போவது சுமார் 4 மைக்ரான் அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத துகள். மணல் பருக்கை அதைவிட ஐம்பது, நூறு மடங்கு பெரியது. தூவும்போது கிளம்புவதில் பெரும்பங்கு சிமென்ட் தூசி. அது மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். சிலிக்கோசிஸ் அதனால் வருவதில்லை. சிலிகா ஆபத்து வீட்டில் கல் பதிக்கும்போதுதான் பெரிது. ஓரத்துக்குப் பொருத்தக் காய்ந்த கல்லைக் கிரைண்டரில் வெட்டும்போது பருக்கை உடைந்து மாவாகிறது. பத்து நிமிட உலர்வெட்டு ஒரு நாள் முழுதும் மணல் தூவுவதைவிட மோசமானது. தண்ணீர் பாயும் மேஜை கட்டரில் வெட்டுங்கள். பிளேடில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது தண்ணீர் படவேண்டும். கைக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி வெட்டாதீர்கள், மின்சாரம் தாக்கும். மேஜை கட்டருக்கும் 30 மில்லிஆம்ப் மின்கசிவு பிரேக்கர் கட்டாயம் வேண்டும்.

பட்டறைக்குள் முதல் ஆபத்து கைக்குத்தான். ஈர சிமென்ட்டின் பிஎச் 12-க்கு மேல், அதாவது கடுமையான காரம். அது தோலைப் புண்ணாக்கும்போது முதலில் வலிக்காது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். விரல் இடுக்கு, நகக்கண் ஓரம், மணிக்கட்டு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் வறண்டு கோடு கோடாக வெடித்திருந்தால் அது ஆரம்பம். அரிப்பும் நீர்க்கொப்புளமும் சேர்ந்தால், சாம்பல் சிமென்ட்டிலுள்ள குரோமியத்துக்கு ஒவ்வாமை வந்திருக்கலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே திரும்ப வரும். வெள்ளை சிமென்ட்டில் குரோமியம் மிகக் குறைவு.

துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும், வெறுங்கையைவிடக் கெடுதல். முழங்கை நோக்கி நீளும் நைட்ரைல் கையுறை போடுங்கள். உள்ளே கலவை போனால் உடனே கழற்றிக் கழுவுங்கள். கரண்டி கழுவும் வாளியிலும் ஊறத்தொட்டியிலும் கை கழுவக்கூடாது. இரண்டு தண்ணீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் தனியாக வேண்டும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு ஆறும். வேலைக்கு முன் தடவினால் காப்பாற்றாது.

கலர்ப்பொடி வாங்கும்போது பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு ஆக்சைடு மஞ்சள் பெரிய ஆபத்தில்லை. லெட் குரோமேட் மஞ்சளில் ஈயம் உண்டு, வேண்டவே வேண்டாம்.

வெட்டுபவரின் தூசியை அளக்க வேண்டுமானால் காற்றை இழுக்கும் பம்ப்பை அவர் இடுப்பிலும், அதோடு குழாயால் இணைத்த சைக்ளோனை (நுண்தூசியை மட்டும் வடிதாளுக்கு விடும் சிறு கருவி) சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள்ளும் மாட்டவேண்டும். மூலையில் ஸ்டூல் மேல் வைத்து அளந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நைலான் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று, எட்டு மணி நேரத்தில் 816 லிட்டர். வடிதாளில் 0.4 மில்லிகிராம் ஏறியிருந்தால் கனமீட்டருக்கு 0.49 மில்லிகிராம். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைக் கணக்குப்படி, தூசியிலுள்ள குவார்ட்ஸ் (படிக சிலிகா) சதவீதத்தோடு 2 கூட்டி, அதால் 10-ஐ வகுக்க வேண்டும். குவார்ட்ஸ் 30 சதவீதமானால் வரம்பு 0.31. ஆக இது அதிகம். பம்ப் ஓட்டத்தை முன்னும் பின்னும் சரிபாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அந்த அளவைத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஆலோசகர் ஒருவர் ஆபத்து மதிப்பீட்டுக்கு 5×5 அட்டவணை போட்டுக் கொடுத்தார். தூசி, சத்தம் எல்லாம் பச்சைக் கட்டத்தில் இருக்கின்றன. நம்பலாமா? (வாசகி, காரைக்குடி)

நம்பவேண்டாம். அந்த அட்டவணை ‘எவ்வளவு கடுமை’, ‘எவ்வளவு வாய்ப்பு’ என்ற இரண்டையும் பெருக்குகிறது. விரல் வெட்டுப்படும் வாய்ப்பை எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், போன மாதம்கூட நடந்திருக்கும். காது மந்தமாக இருபது வருடம் ஆகும். ‘இதுவரை யாருக்கும் வந்ததில்லை’ என்று 1 போட்டுவிடுவார்கள். உடல்நலக் கேடுகளுக்கு ‘வாய்ப்பு’ என்ற இடத்தில் அளந்த அளவு வரம்பில் எத்தனை பங்கு, எத்தனை மணி நேரம் என்று போடச் சொல்லுங்கள். ‘மாஸ்க் கொடுத்திருக்கிறோம்’ என்று எண்ணைக் குறைத்திருந்தால் அதையும் திருத்துங்கள். பாதுகாப்பு வழிகளின் வரிசையில் மாஸ்க் கடைசி. பொருளை நீக்குவது, மாற்றுவது, மூடுவது அல்லது உறிஞ்சுவது, நேரத்தைக் குறைப்பது எல்லாம் அதற்கு முன்.

வழக்கமான வேலையோடு நிறுத்திவிடுகிறார்களா என்றும் பாருங்கள். வார இறுதியில் கம்ப்ரஸர் காற்றால் மெஷினையும் சட்டையையும் ஊதிச் சுத்தம் செய்யும் அரை மணி நேரம்தான் பல பட்டறைகளில் அந்த வாரத்திலேயே அதிகத் தூசி கிளம்பும் நேரம். அட்டவணையில் அது இருக்கவே இருக்காது.

கேள்வி: அரிசி மில்லில் பதினைந்து வருடம். சத்தம் பழகிவிட்டது. இனி என்ன ஆகப்போகிறது? (வாசகர், தேவகோட்டை)

பழகிவிட்டது என்பதே காது கொஞ்சம் போயிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபல் அல்லது அதற்கு மேல். 85-ல் எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. நம் விதிகளில் எட்டு மணிக்கு 90 வரை உண்டு. காதைக் காக்க நினைத்தால் 85-ஐயே பிடியுங்கள்.

காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கெடும். பேச்சு கேட்கும், ‘ச’வும் ‘த’வும் குழம்பும். சத்தத்தைவிட்டு 14 மணி நேரமாவது விலகியிருந்துவிட்டு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். மில்லில் தளர்ந்த தகர மூடி, தேய்ந்த பேரிங், ஆடும் பெல்ட் ஆகியவற்றைச் சரிசெய்தாலே சத்தம் குறையும். அமுக்கினால் சுருங்கி விரியும் ஃபோம் இயர்பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலே பின்னுக்கு இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை.

கேள்வி: பழைய செட்டிநாட்டுக் கதவு, நிலைகளைச் சுரண்டி பாலிஷ் போடுகிறோம். தின்னர் வாடைதானே பிரச்சினை? (வாசகர், காரைக்குடி)

வாடையைவிடப் பழைய பெயிண்டைக் கவனியுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள், மெஷின் சாண்டிங், தீயால் சுடுவது மூன்றும் வேண்டாம். நனைத்துச் சுரண்டி, செதிலை ஈரமாகவே அள்ளுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதீர்கள்; சட்டையில் ஒட்டிய தூசி வீட்டில் தவழும் குழந்தைக்குப் போய்ச்சேரும். சுரண்டுபவர்களுக்கு ரத்தத்தில் ஈயப் பரிசோதனை எடுக்கவேண்டும். தின்னரைத் திறந்த வாசலில், காற்று உங்களிடமிருந்து வெளியே போகும் திசையில் கையாளுங்கள். தூசிக்கான என்95 தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும்.

கேள்வி: கல் வெட்டும் என் அண்ணனுக்கு ஆறு மாதமாக இருமல். டிபி மாத்திரை சாப்பிட்டும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. (வாசகி, புதுவயல்)

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலிகா படிந்த நுரையீரலில் டிபி எளிதில் வரும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ‘என்ன வேலை?’ என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: எந்த வயதிலிருந்து, என்ன கல், உலர்வெட்டா ஈரவெட்டா, நாளுக்கு எத்தனை மணி, எத்தனை வருடம். ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டுபோங்கள். அவருக்கு இஎஸ்ஐ இருந்தால் சிலிக்கோசிஸ் அதில் தொழில்நோயாக ஏற்கப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த தேதிக்கான ஆதாரத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உலர்வெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.