ஒரே தேதி, எந்தக் கணக்கு?

கே: பள்ளியில் தினமும் காலைக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கிறோம். பாரதியார் நினைவு நாளை ஒரு நூல் செப்டம்பர் 11 என்கிறது, இன்னொன்று 12 என்கிறது. எதை வாசிப்பது?
- ஆசிரியை, எட்டயபுரம்

ப: இரண்டும் ஒரே இரவைத்தான் சொல்கின்றன. 1921 செப்டம்பர் 11, ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுவதால் அது 12. பஞ்சாங்க நாளோ சூரிய உதயத்தில்தான் மாறும், விடியும்வரை ஞாயிறுதான். தமிழக அரசு 2021 முதல் 11-ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்றே வாசியுங்கள், '12 அதிகாலை' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

பிறந்தது 1882 டிசம்பர் 11, திங்கள். சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27, மூலம். இன்றைய காலண்டரில் கார்த்திகை 27 டிசம்பர் 12 அல்லது 13-இல் வரும். அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். தமிழ் மாதப் பிறப்பு ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆங்கிலத் தேதியில் தள்ளிப்போகிறது.

கே: தாத்தாவின் ஜாதக ஓலையில் 'கொல்லம் 1098 தை 12, வியாழன்' என்று இருக்கிறது. ஆங்கிலப் பிறந்த நாள் என்ன?
- வாசகர், அம்பாசமுத்திரம்

ப: கொல்லம் என்பது கேரளத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. திருநெல்வேலிப் பக்கம் அந்த ஆண்டு பிறப்பது ஆவணி 1-இல். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. பலர் தவறுவது இங்கேதான், எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு 1098 + 825 = 1923. அந்தக் காலத்தில் தை 1 ஜனவரி 13 அல்லது 14-இல் வரும். எனவே தை 12 என்பது 24 அல்லது 25. கிழமைதான் சாட்சி: 24 புதன், 25 வியாழன். 1923 ஜனவரி 25 என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த நேரம் விடியலுக்கு முன் என்று ஓலையில் இருந்தால் மட்டும் ஆங்கிலத் தேதியில் ஒரு நாள் கூட்டுங்கள்.

கே: நம் சீமைக்கு ஒரே தேதியில் பல நிகழ்ச்சிகள் உண்டா?
- மாணவர், கயத்தாறு

ப: உங்கள் ஊரிலேயே தொடங்குகிறது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1905-இல் அதே தேதியில் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது; அதை எதிர்த்து ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த சுதேசி இயக்கம் வலுத்தது. 1906-இல் அதே தேதியில் வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது: மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்தான்.