இலவச எஸ்டிமேட்டும் இடித்துப்போட்ட பாத்ரூமும்

வீடு கட்டுவது, பழுது பார்ப்பது குறித்த வாசகர் கேள்விகளுக்குத் திருச்சி சிவில் இன்ஜினீயர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. 1994-ல் கட்டிய தரைத்தள வீடு, 1,100 சதுர அடி. இருக்கிற ஒரே பாத்ரூமை (8-க்கு 5) புதிதாக்க வேண்டும், சமையலறைக்கு அலமாரி போட வேண்டும், ஹால் கூரையில் அடிக்கும் ஓதத்தைச் சரிசெய்ய வேண்டும். கோவையில் இருக்கும் மகன் நெட்டில் தேடி மூன்று பேரை வரவழைத்தான். மூவரும் பைசா வாங்காமல் எஸ்டிமேட் கொடுத்தார்கள்: 3,85,000, 5,20,000, 6,90,000. குறைவாகச் சொன்னவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதித் தொகை கொடுத்தால் 15,000 தள்ளுபடி என்கிறார். மூன்று தாள்களின் நகலையும் இணைத்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஞாயிறு கெடுவைப் பார்த்ததும் அன்றே போன் செய்து "கொடுக்காதீர்கள்" என்று சொன்னேன். காரணத்தை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 3,85,000 தாள். மொத்தம் ஒன்பது வரி. "பாத்ரூம் டைல்ஸ், சுவரும் தரையும், 150 சதுர அடி. கூடுதல் அளவு சந்தை விலைப்படி" என்று ஒரு வரி. உங்கள் பாத்ரூமின் நான்கு சுவர்களையும் சேர்த்தால் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி. இரண்டரை அடிக் கதவைக் கழித்தாலும் 164 மிஞ்சும். தரை 40. ஆக 204 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் வரை கூடுதலாக வாங்கியாக வேண்டும். டேப் பிடித்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. 54 சதுர அடியைக் குறைத்து எழுதினால் மொத்தத் தொகை சின்னதாகத் தெரியும். மிச்சத்தை அவர் சொல்லும் "சந்தை விலை"யில் நீங்கள் பிறகு கட்டுவீர்கள்.

எழுதாமல் விட்டதுதான் இன்னும் பெரிய விஷயம். பழைய டைல்ஸைக் கொத்தி எடுக்கும் கூலி அதில் இல்லை. இடிபாட்டை அள்ளி வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகும் செலவு இல்லை. தரை டைல்ஸுக்கு அடியில் போட வேண்டிய வாட்டர்புரூஃபிங் இல்லை. சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்றுவது பற்றி மூன்று தாளிலுமே ஒரு வார்த்தை இல்லை. 1994 வீடு என்றால் உள்ளே இரும்புப் பைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முப்பது வருடத் தண்ணீர் ஓடிய ஜி.ஐ. பைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டவே கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1999-ல் படிப்பு முடித்த கையோடு திருச்சியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வேலையே இலவச எஸ்டிமேட் போடுவதுதான். ஒரு நாளில் ஐந்து வீடு, வீட்டுக்கு இருபது நிமிடம். எதை எழுதுவது என்று சொல்லித்தருவதற்கு முன்பே, எதை விடுவது என்று சொல்லித்தந்தார்கள். இடிப்பு, சாரம், பைப் மாற்றம் மூன்றையும் விட்டுவிடு, வேலை தொடங்கினால் தானாக வரும் என்றார்கள். தில்லைநகரில் ஒரு வயதான தம்பதிக்கு அப்படி 62,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தேன். பாத்ரூமை இடித்த மூன்றாம் நாள், பைப் துருப்பிடித்திருக்கிறது, கூடுதல் ஆகும் என்று நிறுவனம் சொன்னது. அவர்களால் என்ன செய்ய முடியும்? இருந்த ஒரே கழிவறை கற்குவியலாகக் கிடந்தது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால், பாதியில் நிற்கும் வேலையை இன்னொரு மேஸ்திரி தொட யோசிப்பார். 62,000 ஆக இருந்தது 1,04,000 ஆனது. அந்த அம்மா பத்தொன்பது நாள் பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குப் போய் வந்தார். அந்த எஸ்டிமேட்டை எழுதியது என் கை. அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரே பாத்ரூம் என்று படித்ததும் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இலவசம் என்பதற்கும் கணக்கு உண்டு. பத்து வீட்டுக்குப் போய்வந்தால் இரண்டு மூன்று வீடுதான் வேலை கொடுக்கும். மற்ற வீடுகளுக்குப் போன பெட்ரோலும் சம்பளமும் வேலை கொடுத்தவர்களின் ரேட்டுக்குள்தான் இருக்கிறது.

இப்போது ஓதம். மூவருமே மாடி முழுவதும் கெமிக்கல் கோட்டிங், 1,100 சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள். ஓதம் எப்போது வருகிறது என்று யாராவது கேட்டார்களா என்று போனில் கேட்டேன். யாருமே கேட்கவில்லை என்றீர்கள். பங்குனி வெயிலிலும் அந்த இடம் காயவில்லை, நேர் மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்றும் சொன்னீர்கள். மழையே இல்லாத மாதத்தில் கூரை நனைகிறது என்றால் அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. தொட்டியோ, அதிலிருந்து இறங்கும் பைப்போ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாடி முழுக்கப் பூசினாலும் பைப் கசிவு நிற்காது. பூச்சு விற்பவரிடமே நோயையும் கேட்டால் மருந்து பூச்சாகத்தான் இருக்கும்.

நீங்களே பார்த்துவிடலாம். தொட்டியைக் காலி செய்து நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள். கீழே டிரம்மில் பிடித்துச் சமாளியுங்கள். ஓதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டுக்குள் சுருங்கிக் காய ஆரம்பித்தால் பிளம்பரைக் கூப்பிட்டாலே போதும். அப்படியும் குறையாவிட்டால் மாடியைச் சோதிக்கலாம். மழைநீர்க் குழாய்களைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஆனால் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் தண்ணீர் கட்டவே கூடாது. சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ எடை ஏறும். இன்ஜினீயர் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். உங்கள் காலத்து வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதித்திருப்பார்கள். நல்ல வேலை அது. ஓட்டு இடுக்குகளை மட்டும் அடைத்தால் போதும் என்ற நிலையில்கூட இருக்கலாம்.

சமையலறைக்கு வருவோம். இரண்டாம் தாள் ரன்னிங் அடிக்கு, அதாவது உயரம் பார்க்காமல் நீளத்தை மட்டும் அளந்து அடிக்கு, 3,200 என்கிறது. மூன்றாம் தாள் சதுர அடிக்கு 1,400 என்கிறது. 1,400 மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். 10 அடி மேடைக்குக் கீழ் அலமாரி உயரம் இரண்டே முக்கால் அடி என்றால் 27.5 சதுர அடி, 38,500 ரூபாய். ரன்னிங் அடிக் கணக்கில் அதே அலமாரி 32,000. எந்தத் தாளிலும் ப்ளைவுட் ரகம் இல்லை, "நல்ல ப்ளைவுட்" என்று மட்டும் இருக்கிறது. சிங்க் இருக்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் போட்ட, தண்ணீரைத் தாங்கும் மரைன் பலகை வேண்டும். ஐ.எஸ். 303-ல் சாதாரண எம்.ஆர். ரகம் ஈரத்தில் நிற்காது. எண் பலகையிலேயே அச்சாகி இருக்கும். இறக்கும்போது நின்று பாருங்கள், அறுத்த பிறகு தெரியாது.

அப்புறம் வரி. முதல் தாளின் அடியில் பொடி எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருக்கிறது. 18 சதவீதம் சேர்த்தால் 3,85,000 என்பது 4,54,300. மூன்றாம் தாளில் வரி உள்ளேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. கேட்பவரிடம் 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். மகனை ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பதிவில்லாதவர் ஜி.எஸ்.டி. என்று வசூலிக்க முடியாது.

6,90,000 தாள்தான் ஓரளவு நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. டைல்ஸ் அளவு சரியாக இருக்கிறது, இடிப்புச் செலவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஹால் சுவர்ப் பூச்சு அளவில் கதவு, ஜன்னல் எதையும் கழிக்கவில்லை. அளவெடுக்க ஐ.எஸ். 1200 என்றே ஒரு விதிமுறை உண்டு. அதன்படி பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரையான திறப்பைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்காவது கழித்தாக வேண்டும். சாதாரணக் கதவு அதற்குள் வந்துவிடும்.

ஆக, மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் குறைந்தது எது என்று கேட்பதிலேயே பொருள் இல்லை. உங்கள் ஊரில், வேலை எடுத்துச் செய்யாத ஒரு இன்ஜினீயருக்குக் காசு கொடுத்து அரை நாள் கூப்பிடுங்கள். நான் இங்கே அதற்கு 2,500 வாங்குகிறேன். இடிப்பு முதல் குப்பை அள்ளுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் அளவும் பொருளின் ரகமும் எழுதி, விலைப் பத்தியை மட்டும் காலியாக விட்டு ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அதே பட்டியலை மூவருக்கும் கொடுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று இடிக்காமல் யாருக்கும் தெரியாதுதான். அதனால் பைப் மாற்ற அடிக்கு என்ன ரேட் என்று இடிப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். மாடியில் ஏதாவது வேலை நடந்தால் அதன் கடைசித் தவணையை ஐப்பசி மழை பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். இடிக்கத் தொடங்கும் முன் கொல்லையில் தற்காலிகக் கழிவறைக்கு வழிசெய்து கொள்ளுங்கள். அது இருந்தால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

கேள்வி: வேளச்சேரியில் பிளாட் வாங்கினேன். இலவச கொட்டேஷன் என்ற விளம்பரத்தில் நம்பர் கொடுத்ததிலிருந்து தினமும் யார் யாரோ அழைக்கிறார்கள். வந்த ஒருவர், 3டி படம் வேண்டுமென்றால் 10,000 புக்கிங் என்றார். கட்டினேன். படம் வரவில்லை, பணமும் வரவில்லை. – வாசகர், சென்னை

பதில்: தம்பி, ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்கிறதா? இருந்தால் தேதி போட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். இனிமேல் அளவெடுக்க வருபவரிடம் வீட்டைக் காட்டுங்கள், உங்கள் பட்ஜெட்டைச் சொல்லாதீர்கள். சொன்ன தொகைக்குப் பக்கத்தில்தான் எஸ்டிமேட் வந்து நிற்கும்.

கேள்வி: நான் முப்பது வருடமாக மேஸ்திரி. நாங்களும் இலவசமாகத்தான் அளவெடுத்துக் கொடுக்கிறோம். எங்கள் அளவை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்து வேலை செய்துகொள்கிறார்கள். இலவசம் கொடுப்பவர் எல்லாம் ஏமாற்றுகிறவரா? – வாசகர், புதுக்கோட்டை

பதில்: இல்லை அண்ணே. என் அப்பாவும் கொத்தனார்தான். ஒரு ஞாயிறு முழுக்க ஏணியில் ஏறி அளவெடுத்துவிட்டு, வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று தெரிந்து வீட்டுக்கு வந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்புக்கு நீங்கள் காசு கேட்க வேண்டும். 500 என்று வையுங்கள், 1,000 என்று வையுங்கள், வேலை கிடைத்தால் பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். கூடவே தாளின் கடைசியில் "இதில் சேராதவை" என்று தலைப்புப் போட்டு, சேராததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கும்பகோணத்து அம்மா எனக்கு அனுப்பிய மூன்று தாளிலும் அந்தத் தலைப்பு இல்லை.