லடாக் மலைநடைக்கு எந்த அடுப்பு?

கேள்வி: செப்டம்பரில் இருவர் லடாக்கில் பத்து நாள் நடக்கவிருக்கிறோம். கேஸ் அடுப்பு போதுமா, எரிபொருள் எவ்வளவு வேண்டும்?

பதில்: போதும், ஆனால் வெறும் பியூட்டேன் நிரப்பிய குப்பியை வாங்காதீர்கள், ஏனெனில் அது உறைநிலைக் குளிரில் சரிவர ஆவியாகாமல், விடியற்காலைத் தேநீருக்கே சுடர் சுருங்கிவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததே ஏற்றது. நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க ஏறத்தாழ 50 கிராம் செலவாகும் என்பதால் 500 கிராமும், காற்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் கணக்கிடுங்கள். பனியை உருக்கிக் குடிப்பதானால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது பம்பு வைத்த மண்ணெண்ணெய் அடுப்பே, பாத்திரத்தில் கரி பிடித்தாலும், என் தேர்வு. காற்றுத்தடுப்புத் தகட்டால் குப்பியைச் சுற்றி மூடிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கக்கூடும். விமானத்தில் குப்பிக்கு அனுமதியில்லை. லே நகரில் வாங்குங்கள்.